அட்வான்ஸ் கட்றதுக்கு முன்னாடி அந்த லேப்ப ஒருதடவ பாத்துட்டு வாங்க தம்பி

தம்பி, நீங்க நீளமா எழுதிருந்தீங்க, எனக்கு புரிஞ்சத சுருக்கி சொல்லிக்கறேன், தப்பா இருந்தா திருத்துங்க. தங்கச்சி ப்ளஸ் டூ பயோ மேத்ஸ், 600க்கு 471. அப்பா தறி ஓட்றார். வீட்லேருந்து 20 கிலோமீட்டர்ல 2023ல ஆரம்பிச்ச ஒரு ஃபார்மசி காலேஜ்ல பி.ஃபார்ம் சீட் இருக்குன்னு சொல்றாங்க, ஃபீஸ் வருஷம் 95 ஆயிரம், பஸ்ஸுக்கு 15 ஆயிரம் தனி. வர்ற வெள்ளிக்கிழமைக்குள்ள 25 ஆயிரம் அட்வான்ஸும் ஒரிஜினல் டிசி, மார்க்‌ஷீட்டும் குடுத்தாத்தான் சீட்டாம். இன்னொரு பக்கம் 70 கிலோமீட்டர் தள்ளி ஒரு பழைய காலேஜ், 25 வருஷமா நடக்குது, அங்க ஃபீஸ் 1 லட்சத்து 10 ஆயிரம், ஹாஸ்டல் 70 ஆயிரம். கவர்மென்ட் கவுன்சிலிங்க்கும் அப்ளிகேஷன் போட்டாச்சு, ரேங்க் லிஸ்ட் இன்னும் வரல. எதுல சேக்கலாம், வெள்ளிக்கிழமை பணம் கட்டிடலாமா. இதானே?

வெள்ளிக்கிழமை கட்டாதீங்க. மத்ததெல்லாம் பொறுமையா பேசலாம், அது மட்டும் இப்பவே சொல்லிடறேன். ஜூன் மாசம் "இன்னும் நாலு சீட்டுதான் இருக்கு"ன்னு சொல்ற காலேஜ்ல செப்டம்பர்ல போய் நின்னாலும் சீட் இருக்கும், நான் ஒரு அட்மிஷன் சீசன் முழுக்க அந்த டேபிளுக்கு பின்னாடி உக்காந்து பாத்தவ, அதான் இவ்ளோ தைரியமா சொல்றேன்.

நான் யாருன்னு ரெண்டு வரி. பி.ஃபார்ம் முடிச்சு எம்.ஃபார்ம் அனாலிசிஸ் பண்ணேன், ஹைதராபாத்ல ஒரு மாத்திரை கம்பெனில க்யூசி (மருந்தோட தரத்த சோதிக்கற) லேப்ல ஆறு வருஷம், அப்புறம் குழந்தை பொறந்ததால ஊர் பக்கம் வந்து ஒரு தனியார் காலேஜ்ல மூணு வருஷம் பாடம் எடுத்தேன், இப்ப சென்னைல ரெகுலேட்டரி வேலை, மருந்துக்கு அரசு அனுமதி வாங்கற வேலை. அதாவது காலேஜ்லேருந்து வர்ற பசங்கள வேலைக்கு எடுக்கற பக்கமும் தெரியும், அவங்கள அனுப்பற பக்கமும் தெரியும்.

முதல்ல அந்த புது காலேஜ் கதைக்கு வரேன். நீங்க "பிசிஐ அப்ரூவல் இருக்குன்னு சர்டிபிகேட் காட்டினாங்க"ன்னு எழுதிருக்கீங்க. காட்டிருப்பாங்க, பொய்யா இருக்காது. ஆனா ஃபார்மசி கவுன்சில் ஆஃப் இந்தியா குடுக்கற அப்ரூவல்ல ரெண்டு வகை இருக்கு, இது ஃபீல்டுல இருக்கற பாதி பேருக்கே தெளிவா தெரியாது. ஒண்ணு, கோர்ஸ் நடத்திக்கலாம், பிள்ளைங்கள சேத்துக்கலாம்னு குடுக்கற பர்மிஷன். இன்னொண்ணு 1948 ஃபார்மசி சட்டத்துல பன்னெண்டாவது பிரிவு படி குடுக்கற அப்ரூவல். இந்த ரெண்டாவது இருந்தாதான் அந்த காலேஜ்ல படிச்சு முடிச்ச பிள்ளை தமிழ்நாடு ஃபார்மசி கவுன்சில்ல போய் ரிஜிஸ்டர்டு ஃபார்மசிஸ்ட்டா பதிய முடியும். புது காலேஜுக்கு இது முதல் பேட்ச் கடைசி வருஷம் வந்து, இன்ஸ்பெக்ஷன் முடிஞ்சப்புறம்தான் கிடைக்கும். 2023ல ஆரம்பிச்சதுன்னா முதல் பேட்ச் வெளிய வர்றதே 2027ல. அப்ப அவங்க உங்களுக்கு காட்டினது முதல் வகை காகிதம்தான்.

இதனால பயந்துடவும் வேண்டாம். பொதுவா கிடைச்சிடும். ஆனா சில காலேஜ்ல குறை சொல்லி இழுத்தடிச்சு, படிச்சு முடிச்ச பிள்ளைங்க ரிஜிஸ்ட்ரேஷனுக்காக மாசக்கணக்கா கையில டிகிரிய வச்சுக்கிட்டு காத்திருக்கறது நடக்கும். அந்த நேரத்துல மெடிக்கல் ஷாப் லைசென்ஸும் வாங்க முடியாது, ஆஸ்பத்திரி ஃபார்மசில வேலைக்கும் போக முடியாது. பிசிஐ வெப்சைட்ல ரெண்டு லிஸ்ட்டும் தனித்தனியா இருக்கு, பழைய காலேஜ் பேர பன்னெண்டாம் பிரிவு லிஸ்ட்ல தேடி பாருங்க, பி.ஃபார்முக்கு எதிர்ல பாருங்க, ஏன்னா சில காலேஜ்ல டி.ஃபார்ம்ங்கற டிப்ளமோவுக்கு இருக்கும், பி.ஃபார்ம் பின்னாடி ஆரம்பிச்சிருப்பாங்க, போர்டுல மட்டும் மொத்தமா "பிசிஐ அப்ரூவ்டு"ன்னு எழுதி வச்சிருப்பாங்க.

ஏன் திடீர்னு இவ்ளோ புது காலேஜ்னு யோசிச்சீங்களா? 2019ல பிசிஐ ஒரு முடிவு எடுத்துச்சு, காலேஜ் ரொம்ப பெருகிடுச்சு, அஞ்சு வருஷத்துக்கு புதுசா டி.ஃபார்ம், பி.ஃபார்ம் காலேஜுக்கு பர்மிஷன் கிடையாதுன்னு. காலேஜ்காரங்க கோர்ட்டுக்கு போனாங்க, கடைசில 2022 செப்டம்பர்ல சுப்ரீம் கோர்ட், காலேஜ் ஆரம்பிக்கறது அடிப்படை உரிமை சம்பந்தப்பட்டது, அத கட்டுப்படுத்தணும்னா சட்டம் போட்டுத்தான் பண்ணணும், வெறும் தீர்மானத்த வச்சு தடுக்க முடியாதுன்னு சொல்லிடுச்சு. அணை திறந்த மாதிரி ஆயிடுச்சு அதுக்கப்புறம். கட்டடம் ஒரு வருஷத்துல எழுப்பிடலாம் தம்பி, நல்ல வாத்தியார எங்கேருந்து கொண்டு வருவாங்க? எம்.ஃபார்ம் முடிச்சு நாலு வருஷம் கம்பெனில இருந்தவன் காலேஜ் சம்பளத்துக்கு வரமாட்டான். இருக்கறவங்களையே ஒரு காலேஜ்காரன் இன்னொரு காலேஜ்லேருந்து இழுக்கறான், அவ்ளோதான் நடக்குது.

நான் வேலை பாத்த காலேஜ்ல (பேர் வேண்டாம்) இன்ஸ்பெக்ஷனுக்கு முதநாள் ராத்திரி நடந்தத சொல்றேன். மினி லாரி ஒண்ணு வந்துச்சு. அதுலேருந்து டிஸல்யூஷன் மெஷின் ஒண்ணு, டேப்லெட் பஞ்சிங் மெஷின் ஒண்ணு, ரெண்டு ஓவன் இறங்குச்சு, அதே ட்ரஸ்ட்டோட இன்னொரு காலேஜ்லேருந்து. காலைல ஒன்பது மணிக்கு ஸ்டாஃப் ரூம்ல நான் அதுவரைக்கும் பாக்காத மூணு முகம், கழுத்துல ஐடி கார்டு, டேபிள்ல பேர் பலகை. ஒருத்தர் என்கிட்டயே வந்து "மேடம், ஃபார்மகாக்னசி லேப் எந்த ஃப்ளோர்"னு கேட்டார். அவர்தான் ஃபார்மகாக்னசிக்கு, அதாவது மூலிகை மருந்து பாடத்துக்கு, ஹெச்ஓடியாம்! இன்ஸ்பெக்ஷன் முடிஞ்ச மறுநாள் லாரியும் போச்சு, ஹெச்ஓடியும் போயிட்டார். இப்ப ஆதார் பயோமெட்ரிக் அட்டெண்டன்ஸ் அது இதுன்னு கெடுபிடி கொண்டு வந்திருக்காங்க, கொஞ்சம் குறைஞ்சிருக்கும்னு நம்பறேன், ஆனா அத பாத்ததுக்கப்புறம் எனக்கு அப்ரூவல் காகிதத்து மேல இருந்த மரியாதை போயிடுச்சு.

அதனால நான் யார் கேட்டாலும் சொல்றது ஒண்ணுதான், லேப்ப போய் பாருங்க. ஃபார்மசி லேப்லதான் கத்துக்கணும், தியரிய யாரும் வீட்ல உக்காந்து படிச்சுக்கலாம். காலேஜ்ல சுத்தி காட்ட ஆள் போடுவாங்க, ஏசி செமினார் ஹால், பெரிய லைப்ரரி, மூலிகை தோட்டம்னு வரிசையா கூட்டிட்டு போவாங்க, பாத்து தலையாட்டிட்டு "லேப்ப பாக்கணும்"னு கேளுங்க.

லேப்ல என்ன பாக்கறது? டிஸல்யூஷன் மெஷின்னு ஒண்ணு இருக்கும், மாத்திரை வயித்துக்குள்ள போய் எவ்ளோ நேரத்துல கரையுதுன்னு பாக்கறது, தண்ணி தொட்டிக்குள்ள கண்ணாடி ஜாடி ஆறு தொங்கும், ஒவ்வொண்ணுக்கும் மேல ஒரு கம்பி, கம்பி நுனில துடுப்பு மாதிரி. உபயோகத்துல இருக்கற மெஷின்னா அந்த தொட்டில தண்ணி மட்டத்துல உப்புக்கறை கோடு இருக்கும், ஜாடில ஒண்ணு ரெண்டு மாத்தினது கலர் வித்தியாசமா இருக்கும், பக்கத்துல சிரிஞ்சு, ஃபில்டர் கிடக்கும். உபயோகமே இல்லாத மெஷின் பளபளன்னு இருக்கும், சிலதுல அந்த துடுப்ப சுத்தி வச்ச தெர்மாகோல கூட எடுத்திருக்க மாட்டாங்க. பளபளன்னு இருந்தா பயப்படுங்க.

அடுத்து ஹெச்பிஎல்சி, மருந்துல என்னென்ன எவ்ளோ இருக்குன்னு பிரிச்சு அளக்கற மெஷின். இந்த மெஷின் இருக்குன்னு எல்லா நோட்டீஸ்லயும் போடுவாங்க, விலை லட்சக்கணக்குல. அத காட்டும்போது "இதுல காலம் (column) எங்க இருக்கு"ன்னு கேளுங்க, ஒரு விரல் தடிமன்ல ஸ்டீல் குழாய் ஒண்ணு, அதுதான் அந்த மெஷினோட உயிர். காட்றவருக்கே தெரியலன்னா விஷயம் புரிஞ்சிடும். பக்கத்துல ஒரு லாக் புக் இருக்கணும், யார் எந்த தேதில எந்த சாம்பிள் ஓட்டினாங்கன்னு. கடைசி என்ட்ரி தேதி என்னன்னு சும்மா ஒரு பார்வை பாருங்க. போன வாரம்னா நல்ல காலேஜ். ஒன்றரை வருஷம் முன்னாடின்னா, மெஷின் ஷோகேஸ் பொம்மை.

முடிஞ்சா தேர்ட் இயர் பிள்ளைங்க ரெண்டு பேரோட ப்ராக்டிக்கல் ரெக்கார்ட வாங்கி பக்கத்துல பக்கத்துல வச்சு பாருங்க. அனாலிசிஸ்ல பாராசிட்டமால் மாத்திரை அஸ்ஸேன்னு ஒரு சோதனை எங்கயும் இருக்கும், மாத்திரைய பொடிச்சு கரைச்சு யூவி மெஷின்ல 257 நானோமீட்டர்ல ரீடிங் எடுத்து, பாராசிட்டமாலுக்குன்னு இருக்கற 715ங்கற நம்பர வச்சு கணக்கு போட்டு, மாத்திரைல எவ்ளோ மருந்து இருக்குன்னு சொல்லணும், 95லேருந்து 105 சதவீதத்துக்குள்ள இருந்தா பாஸ். ரெண்டு ரெக்கார்டுலயும் விடை 99.2ன்னு புள்ளி மாறாம இருந்தா அந்த லேப்ல யாரும் மாத்திரைய பொடிக்கல, ஒரு ரெக்கார்டு ஊரெல்லாம் சுத்தி காப்பி ஆயிருக்கு. ஒருத்திக்கு 97, இன்னொருத்திக்கு 103, மூணாவது பொண்ணுக்கு 91 வந்து சிவப்பு மைல "ரிப்பீட்"னு போட்டிருந்தா, கண்ண மூடிட்டு சேருங்க. நிஜமா சொல்றேன். ஹைதராபாத்ல நான் இன்டர்வியூ எடுத்தப்ப ஃப்ரெஷர்ஸ் கிட்ட இதத்தான் கேப்பேன், உன் ரிசல்ட் எப்பயாவது தப்பா வந்துச்சா, ஏன் தப்பா வந்துச்சுன்னு. லேப்ல நிஜமா கை வச்ச பிள்ளை சிரிச்சுக்கிட்டே பிப்பெட்ல காத்து குமிழி, ஃபில்டர் பண்ண மறந்துட்டேன்னு ஒரு கதை சொல்லும். மத்த பிள்ளை "நோ மேடம், எப்பவும் கரெக்டா வரும்"னு சொல்லும், பாவம், அது மேல தப்பில்ல.

வாத்தியார் விஷயத்துல பெரிய விசாரணை எல்லாம் வேண்டாம், அங்க படிக்கற பிள்ளைங்க கிட்ட ஒரே கேள்வி, "ஒரு செமஸ்டர் நடுவுல எத்தன தடவ வாத்தியார் மாறினாங்க?" காலேஜ் வாசல் டீக்கடைல கேட்டாலே சொல்லிடுவாங்க. வேற எதுவும் கேக்க வேண்டாம், இது போதும்.

இது ஏன் முக்கியம்னா பி.ஃபார்ம் ரூல்ஸ்ல ஒரு கொக்கி இருக்கு, அட்மிஷன் டேபிள்ல யாரும் சொல்லமாட்டாங்க. ஃபர்ஸ்ட் இயர் ரெண்டு செமஸ்டர் பேப்பரும் மொத்தமா க்ளியர் பண்ணாம அஞ்சாவது செமஸ்டர் உள்ள போக முடியாது. எஞ்சினியரிங்ல அரியர் வச்சுக்கிட்டே ஃபைனல் இயர் வரைக்கும் போற கதை இங்க நடக்காது. பாஸ் மார்க் 50, எஞ்சினியரிங் மாதிரி ஜாலியா எடுத்துக்கிட்டு ஃபர்ஸ்ட் இயர் அனாடமிலயோ இன்ஆர்கானிக்லயோ விழுந்து ஒரு வருஷம் போன பிள்ளைங்க ஏராளம். அதனால புது காலேஜ்ல ஃபர்ஸ்ட் இயருக்கு யார் பாடம் எடுக்கறாங்கன்னு கேளுங்க, நல்ல வாத்தியார எல்லாம் மேல் வகுப்புக்கு வச்சுக்கிட்டு ஃபர்ஸ்ட் இயருக்கு நேத்து எம்.ஃபார்ம் முடிச்ச பொண்ண அனுப்பற பழக்கம் நிறைய இடத்துல உண்டு. அப்புறம் தியரில 100க்கு 25 இன்டர்னல், ப்ராக்டிக்கல்ல 50க்கு 15, இது காலேஜ் கையில. அட்டெண்டன்ஸ் 80 சதவீதம் வேணும். தங்கச்சி பயோ மேத்ஸ் எடுத்தது ஒரு சின்ன அதிர்ஷ்டம், பயாலஜி மட்டும் படிச்சவங்களுக்கு ரெமெடியல் மேத்ஸ், மேத்ஸ் மட்டும் படிச்சவங்களுக்கு ரெமெடியல் பயாலஜின்னு ஃபர்ஸ்ட் செமஸ்டர்ல ஒரு பேப்பர் கூட இருக்கும், இவளுக்கு ரெண்டும் கிடையாது.

ப்ளேஸ்மென்ட். "நூறு சதவீதம்"னு போஸ்டர்ல இருக்கும். கேக்க வேண்டியது, அந்த நூறுல எத்தன பேர் மெடிக்கல் கோடிங் (நோயாளி ரெக்கார்ட இன்சூரன்ஸுக்காக கோடு நம்பரா மாத்தற வேலை) போனாங்க? சென்னைல, கோயம்புத்தூர்ல கோடிங் கம்பெனிங்க எந்த லைஃப் சயின்ஸ் டிகிரியையும் எடுத்துக்கும், நர்சிங், பயோடெக், பிசியோ, எல்லாம். வேலை மோசம்னு சொல்லல, நல்லாவே சம்பாதிக்கறவங்க இருக்காங்க, ஆனா அதுக்கு பி.ஃபார்ம் படிக்கணும்னு அவசியமில்ல, பி.எஸ்சி போதும், செலவுல பாதி மிச்சம். ப்ரொடக்ஷன், க்யூசி, க்யூஏ (தர உறுதி), ஃபார்மகோவிஜிலன்ஸ் (மருந்தோட பக்கவிளைவ கண்காணிக்கறது), ரெகுலேட்டரி, இதுக்கெல்லாம் எத்தன பேர் போனாங்க, எந்த கம்பெனி, இத கேளுங்க. சம்பளத்த பத்தி உண்மைய சொல்லிடறேன், எனக்கு தெரிஞ்சு கம்பெனில பி.ஃபார்ம் ஃப்ரெஷர் ஆரம்பத்துல கையில வாங்கறது பதினஞ்சு பதினெட்டு ஆயிரம், அதுக்கு கம்மியாவும் பாத்திருக்கேன். மூணு நாலு வருஷம் ஆனப்புறம், அதுவும் வெளிநாட்டு ஆடிட் வர்ற கம்பெனில இருந்தா, சட்டுனு ஏறும். எங்க லேப்ல பொண்ணுங்களும் ஷிஃப்ட் பாத்தாங்க, ராத்திரி பத்தரைக்கு கேப்ல ஹாஸ்டல்ல விடுவாங்க, ஜீடிமெட்லா பக்கம் ஒரே ரூம்ல நாலு தமிழ் பொண்ணுங்க இருந்தோம், ரசத்துக்கு புளி ஊரிலேருந்து வரும். ஏன் இத சொல்றேன்னா மாத்திரை கம்பெனி வேலை பெரும்பாலும் ஹைதராபாத், பெங்களூரு, விசாகப்பட்டினம், குஜராத் பக்கம்தான், தமிழ்நாட்டுக்குள்ள ஆலத்தூர், ஓசூர், பக்கத்துல புதுச்சேரின்னு அங்கங்க இருக்கு. வீட்டுக்கு பக்கத்துலயே வேலை வேணும்னா இப்பவே வீட்ல பேசிக்கோங்க. 20 கிலோமீட்டர் காலேஜுக்கு மேல அனுப்ப மாட்டோம்னு நினைக்கற வீடு, நாலு வருஷம் கழிச்சு ஹைதராபாத் அனுப்புமா?

காலேஜ் நல்லதான்னு பாக்க இன்னொரு உரைகல் ஜிபேட். எம்.ஃபார்ம் போறதுக்கான தேசிய தேர்வு, 2024லேருந்து என்பிஇஎம்எஸ்ங்கற மத்திய தேர்வு வாரியம் நடத்துது. இதுல தகுதி பெற்று எம்.ஃபார்ம் சேந்தா மாசம் 12,400 ரூபா ஸ்டைபண்ட் இருக்கு, மொஹாலி, ஹைதராபாத்ல எல்லாம் இருக்கற நைப்பர்ங்கற மத்திய ஃபார்மசி கல்வி நிறுவனத்துல சேர தனி நுழைவுத் தேர்வு இருக்கு, அத எழுதவும் இந்த தகுதி கேப்பாங்க. பழைய காலேஜ்ல போன ரெண்டு வருஷம் எத்தன பேர் ஜிபேட் க்ளியர் பண்ணாங்கன்னு கேளுங்க. அறுபது பேர்ல நாலஞ்சு பேர்னா கூட அங்க யாரோ ஒரு வாத்தியார் சாயங்காலம் உக்காந்து சொல்லி குடுக்கறார்னு அர்த்தம். புது காலேஜ்ல இந்த கேள்விக்கு பதிலே இருக்காது, இன்னும் யாரும் எழுதற நிலைக்கு வரல.

நீங்க போகிற போக்குல "ஃபார்மா டெக்னாலஜி பி.டெக் கூட இருக்காமே"ன்னு கேட்டிருந்தீங்க. அண்ணா யுனிவர்சிட்டி திருச்சி கேம்பஸ்ல இருக்கு, நல்ல கோர்ஸ், எஞ்சினியரிங் கவுன்சிலிங்ல வரும். ஆனா அது ஃபார்மசி டிகிரி கிடையாது, முடிச்சா ஃபார்மசிஸ்ட்டா ரிஜிஸ்டர் பண்ண முடியாது, கடையும் வைக்க முடியாது. தொழிற்சாலை வேலைதான் குறின்னா சரி.

அப்பா "கவர்மென்ட் ஆஸ்பத்திரில மருந்து குடுக்கற வேலை" கிடைக்குமான்னு கேக்கறார்னு எழுதிருந்தீங்க. எம்ஆர்பி (தமிழ்நாடு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) மூலமா ஃபார்மசிஸ்ட் எடுப்பாங்க, அதுக்கு ரெண்டு வருஷ டி.ஃபார்மே அடிப்படை தகுதி, பி.ஃபார்ம் முடிச்சவங்களும் போட்டி போடுவாங்க. ட்ரக்ஸ் இன்ஸ்பெக்டர் ஆகணும்னா டிஎன்பிஎஸ்சி, அதுக்கு டிகிரி வேணும். டி.ஃபார்ம் போதும்னு நினைச்சா ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க, 2022ல ரூல் வந்து, டி.ஃபார்ம் முடிச்சவங்களுக்கு எக்ஸிட் எக்ஸாம் வச்சிருக்காங்க, முதல் தடவ 2024 அக்டோபர்ல நடந்துச்சு, அத பாஸ் பண்ணாதான் ரிஜிஸ்ட்ரேஷன். ஆனா டி.ஃபார்ம் முடிச்சு பி.ஃபார்ம் ரெண்டாவது வருஷத்துல நேரா சேரலாம், கையில காசு கம்மியா இருக்கற வீட்டுக்கு இது ஒரு நல்ல ஏணி, யாரும் சொல்றதில்ல.

ஃபார்ம்.டி ஆறு வருஷம், "பேருக்கு முன்னாடி டாக்டர் போட்டுக்கலாம்"னு சொல்லி சேப்பாங்க. அமெரிக்கா போற கனவு இருந்தா அதுல ஒரு நியாயம் இருக்கு, அங்க ஃபார்மசிஸ்ட் ஆக எழுதற தகுதித் தேர்வுக்கு குறைஞ்சது அஞ்சு வருஷ படிப்பு கேக்கறாங்க, நம்ம நாலு வருஷ பி.ஃபார்ம் பத்தாது. அந்த கனவு இல்லன்னா, இந்த ஊர்ல க்ளினிக்கல் ஃபார்மசிஸ்ட்டுக்கு ஆஸ்பத்திரிங்க குடுக்கற சம்பளத்துக்கு ஆறு வருஷம் அதிகம். உங்க வீட்டுக்கு இப்ப இது வேண்டாம்.

இனி பணம். புது காலேஜ் பஸ்ஸோட 1.10 லட்சம், நாலு வருஷத்துக்கு 4.40 லட்சம். பழைய காலேஜ் ஹாஸ்டலோட 1.80, நாலு வருஷத்துக்கு 7.20. வித்தியாசம் 2.80 லட்சம். தறி ஓட்ற வீட்ல இது சின்ன காசு இல்ல, "தரம்தான் முக்கியம்"னு நான் இங்க சென்னைல உக்காந்து டைப் பண்றது சுலபம். அதனால என் கணக்கு இப்படி: பழைய காலேஜ் லேப்ல கறை படிஞ்ச மெஷினும், தப்பா வந்து திருத்தின ரெக்கார்டும் இருந்தா 2.80 லட்சம் அதிகமா குடுக்கலாம், ரெண்டு வருஷ வேலைல அந்த வித்தியாசம் வந்துடும். பழைய காலேஜ்லயும் தெர்மாகோல் பிரிக்கலன்னா, பழசுங்கறதுக்காக காசு குடுக்காதீங்க. 25 வருஷம் தூங்கிக்கிட்டே நடக்கற காலேஜும் இருக்கு.

கவுன்சிலிங்க கைவிடாதீங்க. பி.ஃபார்முக்கு நீட் கிடையாது, ப்ளஸ் டூ மார்க்குதான், நர்சிங், பிசியோ எல்லாம் சேத்து ஒரே தேர்வுக்குழுதான் நடத்துது. எம்பிபிஎஸ் வேலை முடிஞ்சு மெதுவாத்தான் ஆரம்பிக்கும், அந்த இடைவெளிலதான் தனியார் காலேஜ்காரங்க வலை வீசறாங்க. சென்னை எம்எம்சிலயும் மதுரை மெடிக்கல் காலேஜ்லயும் கவர்மென்ட் ஃபார்மசி காலேஜ் இருக்கு, சீட்டு கொஞ்சம்தான், 471க்கு அது கிடைக்கும்னு நான் ஆசை காட்ட மாட்டேன், போன வருஷ கட்ஆஃப் உங்க கம்யூனிட்டிக்கு என்னன்னு தேர்வுக்குழு வெப்சைட்ல பாருங்க. அது கிடைக்கலன்னாலும் தனியார் காலேஜ்ல கவர்மென்ட் கோட்டா சீட்டு வரும், ஃபீஸ் குறையும், ஸ்காலர்ஷிப்புக்கும் பேங்க் லோனுக்கும் அதுதான் வசதி. 7.5 லட்சம் வரைக்கும் சொத்து ஜாமீன் இல்லாம எஜுகேஷன் லோன் குடுக்க திட்டம் இருக்கு, ஆனா மேனேஜ்மென்ட் கோட்டா சீட்டுன்னதும் மேனேஜர் முகம் மாறிடும். தங்கச்சி ஆறாவதுலேருந்து கவர்மென்ட் ஸ்கூல்ல படிச்சிருந்தா புதுமைப் பெண் திட்டத்துல மாசம் ஆயிரம் ரூபா வரும், ரெக்கார்ட் நோட்டு, பஸ் காசுக்கு ஆச்சு, விடாதீங்க.

ஒரிஜினல் சர்டிபிகேட்ட மட்டும் கையவிட்டு குடுத்துடாதீங்க. வெரிஃபை பண்ணிட்டு திருப்பி குடுக்கணும், பிடிச்சு வைக்க கூடாதுன்னு யுஜிசி 2018லயே சொல்லிருக்கு. நடைமுறைல என்ன நடக்கும்னா, கவுன்சிலிங்ல நல்ல சீட்டு கிடைச்சு நீங்க டிசி கேட்டு போவீங்க, "நாலு வருஷ ஃபீஸ கட்டிட்டு வாங்கிக்கோங்க"ன்னு சொல்வாங்க. நான் அந்த டேபிளுக்கு பின்னாடி உக்காந்திருந்தப்ப ஒரு அம்மா ஆபீஸ் ரூம் வாசல்ல மதியம் ரெண்டு மணி வரைக்கும் நின்னுக்கிட்டே இருந்தாங்க, பொண்ணுக்கு அன்னிக்கு சாயங்காலம் வேற காலேஜ்ல ரிப்போர்ட் பண்ணணும். கடைசில ஏதோ ஒரு தொகை பேசி குடுத்தாங்க. நான் சம்பளம் வாங்கற இடம், வாய மூடிட்டு இருந்தேன். இன்னிக்கும் அது உறுத்தும்.

அதனால வெள்ளிக்கிழமை அவங்க போன் பண்ணா, "கவுன்சிலிங் முடிஞ்சு வரோம் சார், ஜெராக்ஸ் வேணா தரோம்"னு மட்டும் சொல்லுங்க. கோவிச்சுக்க மாட்டாங்க, திங்கக்கிழமை அவங்களே ஃபீஸ் குறைச்சு கூப்பிட்டாலும் ஆச்சரியப்படாதீங்க. நடுவுல ரெண்டு காலேஜுக்கும் போய்ட்டு வாங்க, தங்கச்சியையும் கூட்டிட்டு போங்க. சனிக்கிழமை போகாதீங்க, அன்னிக்கு எல்லா லேப்பும் பூட்டித்தான் இருக்கும், எது நல்ல பூட்டு எது கெட்ட பூட்டுன்னு தெரியாது. வேலை நாள்ல மதியம் ரெண்டு மணிக்கு மேல போங்க, அதான் ப்ராக்டிக்கல் நேரம். சொல்லாம போங்க. வாட்ச்மேன் நிறுத்தினா அட்மிஷன் விசாரிக்க வந்தோம்னு சொல்லுங்க, அந்த வார்த்தைக்கு எந்த காலேஜ் கேட்டும் திறக்கும்.